தசை அழற்சி நோயில் தன்னெதிர்ப்பொருள்கள்: சோதனைத் தாளும் நோயாளரும்

தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாமற் போவதும், பரண்மேல் உள்ள பாத்திரத்தை எடுக்கக் கை உயராமற் போவதும், தலை வாரும்போது தோள் சோர்ந்து விழுவதும் முதலில் சிறிய குறைகளாகவே தோன்றும். வயதின் தளர்ச்சி என்றும், சத்துக் குறைவு என்றும், வாதம் என்றும் வீட்டார் கூறுவர். சில வாரங்கள் கழித்து இரத்தத்தைச் சோதித்தால், கல்லீரல் நோயில் உயரும் என்சைம்கள் சில உயர்ந்திருக்கக் காணப்படும். உடனே நோயாளர் கல்லீரல் சிகிச்சைக்கு அனுப்பப்படுவதும் உண்டு. ஆனால் அவ்வென்சைம்கள் கல்லீரலுக்கு மட்டும் உரியவை அல்ல. சிதையும் தசையிலிருந்தும் அவை இரத்தத்தில் வந்து கலக்கும். கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை என்சைமையும் உடன் அளந்திருந்தால் வழி அன்றே தெளிந்திருக்கக் கூடும். இவ்வாறு தவறிய வழியில் திங்கள் பல கழிந்தபின் கண்டறியப்பெறும் நோய்களுள் தசை அழற்சி நோய் ஒன்றாகும்.

இந்நோய் அரியது, எனினும் எளியதன்று. கிருமிகளை எதிர்ப்பதற்கென உடலில் அமைந்த காப்பு முறை திசை மாறி, உடலின் தசைகளையே தாக்குவது இதன் இயல்பு. சிலருக்குத் தோலும், சிலருக்கு மூட்டுக்களும், சிலருக்கு நுரையீரலும் உடன் தாக்குறும். கிருமி முதலிய அயற்பொருள்களுக்கு எதிராக உடல் ஆக்கும் புரதங்கள் எதிர்ப்பொருள்கள் எனப்படும். தன் உயிரணுவின் பகுதிகளுக்கே எதிராக உடல் ஆக்கிக் கொள்பவை தன்னெதிர்ப்பொருள்கள். தசை அழற்சி நோயாளரின் இரத்தத்தில் இத்தகையவை பல கண்டறியப்பெற்றுள்ளன. அவற்றைச் சோதிப்பதால் நோயாளருக்கு விளையும் நன்மை யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவுக்கு இரு வேறு விடைகள் வழங்குகின்றன. சோதனையின் செலவு மிகுதி. எவ்வகை நோயாயினும் முதற் சிகிச்சை ஸ்டீராய்டு மருந்தே. ஆகவே இது செல்வ நாடுகளுக்கு உரிய ஆடம்பரம் என்பது ஒன்று. சோதனைத் தாள் வந்துவிட்டால் நோயின் பெயரும் போக்கும் முடிவாயின, மேலும் ஆராய வேண்டுவதில்லை என்பது மற்றொன்று. பின்னதை வாயாற் கூறுவோர் சிலரே. செயலில் அதன்படி நடந்துவிடுவது எளிது. இவ்விரு கருத்துக்களும் நோயாளருக்குத் தீங்கு விளைப்பனவே. தாளில் உள்ள பெயர், அடுத்து எவ்வுறுப்பைக் கருத்தோடு ஆராய வேண்டும் என்பதைச் சுட்டுகிறது. அச்சுட்டலைப் பின்பற்றினால் சோதனை உயிர் காக்கும். பின்பற்றாவிடில் அது வீண் செலவேயாம்.

வகைப்பாடு மாறிய வரலாறு

தோலும் தசையும் ஒருங்கே அழற்சியுறும் நோய்க்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் என்னும் பெயரை 1891 ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஹ் உன்வெரிஹ்ட் வழங்கினார். தமிழில் அதனைத் தோல்-தசை அழற்சி எனலாம். தோலில் மாறுதல் இன்றித் தசைகள் மட்டும் அழற்சியுறுவது பாலிமயோசைட்டிஸ் எனப்பட்டது. 1975 இல் போஹன், பீட்டர் என்னும் இரு மருத்துவர்கள் இந்நோய்களைத் துணிவதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். இடுப்பையும் தோளையும் சார்ந்த தசைகள் இருபுறமும் ஒப்பத் தளர்வது, தசைத் துணுக்கில் அழற்சியின் சான்று, இரத்தத்தில் தசை என்சைம்களின் உயர்வு, தசையின் மின்னியக்கப் பதிவில் மாறுதல், தோலில் உரிய தடிப்பு ஆகியவை அவை. பல்லாண்டுகள் இவ்வைந்துமே அளவுகோலாக விளங்கின. தன்னெதிர்ப்பொருள் அப்பட்டியலில் இடம் பெறவில்லை.

ஆயினும் ஒரே பெயரின் கீழ் வந்த நோயாளர் அனைவருடைய கதியும் ஒன்றாக இருக்கவில்லை. ஒருவர் சில திங்களில் தேறித் தம் தொழிலுக்குத் திரும்புவார். மற்றொருவருக்குத் தசை தேறும்போதே மூச்சு முட்டத் தொடங்கும். வேறொருவருக்கு ஓராண்டுக்குள் எங்கோ மறைந்திருந்த புற்றுநோய் வெளிப்படும். தோலையும் தசையையும் மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை முன்னறிய இயலவில்லை.

விடையின் ஒரு பகுதி இரத்தத்தில் கிடைத்தது. 1980 இல் நிஷிகாய், ரைக்லின் ஆகியோர் ஜோ-1 என்னும் எதிர்ப்பொருளை விவரித்தனர். 1983 இல் மாத்யூஸ், பெர்ன்ஸ்டைன் ஆகியோர் அது தாக்கும் பொருள் ஹிஸ்டிடைல் டி-ஆர்.என்.ஏ. சிந்தெடேஸ் என்னும் என்சைம் எனக் காட்டினர். புரதம் கட்டப்பெறும் இடத்துக்கு அமினோ அமிலங்களைச் சுமந்து செல்லும் மூலக்கூறுகள் உயிரணுவில் உள்ளன; ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை அதற்குரிய சுமையாளுடன் பிணைப்பது இவ்வென்சைமின் தொழிலாகும். இதனையொத்த பிற என்சைம்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் பின்னர்க் காணப்பட்டன. 1991 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் குழு ஒன்று, எதிர்ப்பொருளை அடிப்படையாகக் கொண்டு நோயாளரைப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவினரும் நோய்க்குறியிலும் நோயின் போக்கிலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பர் என எடுத்துக்காட்டியது. பழைய வகைப்பாடு ஆட்டங்காணத் தொடங்கியது அப்பொழுதிலிருந்தே எனலாம். பாலிமயோசைட்டிஸ் என முன்பு பெயர் பெற்ற நோயாளருள் பலர் இன்று வேறு பிரிவுகளில் வைத்து எண்ணப்படுகின்றனர்.

ஒவ்வொரு பெயரும் சுட்டும் உறுப்பு

ஜோ-1 முதலிய சிந்தெடேஸ் எதிர்ப்பொருள்கள் நுரையீரலைச் சுட்டுகின்றன. காய்ச்சல், மூட்டு வீக்கம், குளிரில் விரல் வெளுத்து நீலமாதல், உழைப்பாளியின் கைபோல் விரல்களின் ஓரம் தடித்து வெடித்தல், நுரையீரலின் இடைத்திசு தடித்தல், தசைத் தளர்ச்சி ஆகியவை ஒருங்கே அமைவது இப்பிரிவின் முழு உருவம். ஆயினும் எல்லாக் குறிகளும் எல்லாரிடமும் தோன்றுவதில்லை. பி.எல்.-7, பி.எல்.-12 என்னும் எதிர்ப்பொருள்கள் உடையோருள் சிலருக்குத் தசை நலமாகவே இருக்க, நுரையீரல் மட்டும் கெடுவதும் உண்டு. ஆகவே இப்பெயர்களுள் ஒன்று தாளில் வந்தால், இருமல் இல்லை என்று கூறும் நோயாளருக்கும் மூச்சு அளவைச் சோதனையும் மார்பின் சி.டி. படமும் வேண்டப்படும்.

டி.ஐ.எஃப்.1-காமா என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள், தோல்-தசை அழற்சியுற்ற முதியோரிடத்துப் புற்றுநோயை நினைவூட்டுகிறது. இந்நோய்க்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1916 ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாயிற்று. ஆயின் எந்நோயாளரை எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும் என்பது நெடுங்காலம் தெளிவுறவில்லை. 2023 இல் வெளியான சர்வதேச வழிகாட்டுரை, இந்த எதிர்ப்பொருளையும் என்.எக்ஸ்.பி.2 எதிர்ப்பொருளையும், நாற்பது வயதுக்குமேல் நோய் தொடங்குவதையும், விழுங்குவதில் மிகுந்த இடர்ப்பாட்டையும் உயர் ஆபத்தின் அடையாளங்களுள் சேர்த்துள்ளது. இவற்றை ஒன்றுசேர்த்து நோக்கியே தேடலின் அளவு உறுதி செய்யப்பெறுகிறது. குழந்தைகளின் நிலை வேறு. அவர்களிடத்தும் இதே எதிர்ப்பொருள் காணப்படும். ஆனால் புற்றுநோயுடன் அதற்குத் தொடர்பில்லை. என்.எக்ஸ்.பி.2 உடைய குழந்தைகளிடத்துத் தோலின் கீழ்ச் சுண்ணம் படிவதையே கவனிக்க வேண்டும். ஒரே பெயர் வயதுக்கேற்பப் பொருள் மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மி-2 எதிர்ப்பொருளோ பெரும்பாலும் ஆறுதல் தருவது; கண்ணிமையிலும் விரல் கணுக்களிலும் தடிப்பு தெளிவாகத் தோன்றினும், அந்நோயாளர் சிகிச்சைக்கு நன்கு இணங்குவதே பெரும்பான்மை.

எம்.டி.ஏ.5 எதிர்ப்பொருளே இப்பட்டியலில் மிகவும் அஞ்சத்தக்கது. 2005 இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இதனை விவரித்தனர். இது தாக்கும் புரதம் யாது என்பது 2009 இல் தெளிவாயிற்று. இதனை உடையோருள் பலருக்குத் தசைத் தளர்ச்சி சிறிதே. தசை என்சைம்கள் இயல்பான அளவில் இருத்தலும் உண்டு. உள்ளங்கையில் வலிக்கும் சிறு கொப்புளங்களும், விரல் மடிப்புக்களில் புண்களும் தோன்றும். தோல் நோய் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்கும் சில வாரங்களிலேயே நுரையீரல் விரைந்து கெட்டு உயிருக்கு இறுதி நேரலாம். ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு 2020 இல் வெளியாயிற்று. ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், சைக்ளோஃபாஸ்பமைடு ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 89 பேர் ஆறு திங்களின் இறுதியில் உயிருடன் இருந்தனர். முன்னாளில் ஒன்றன்பின் ஒன்றாக மருந்து பெற்றவர்களில் அவ்வளவு நூற்றுக்கு 33 ஆகவே இருந்தது. இது பழைய நோயாளருடன் செய்த ஒப்பீடாதலின் முழு முடிபாகாது. எனினும், எவ்வகையாயினும் சிகிச்சை ஒன்றே என்னும் கூற்று நிலைபெறாது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இரத்தக் கொழுப்பைக் குறைக்க இன்று எண்ணற்றோர் உட்கொள்ளும் ஸ்டாட்டின் மருந்தும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அம்மருந்தால் தசை வலி தோன்றுவது உண்டு. மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் மறையும். மிகச் சிலரிடத்து மட்டும், ஸ்டாட்டின் தடுக்கும் எச்.எம்.ஜி.சி.ஆர். என்னும் என்சைமுக்கே எதிர்ப்பொருள் தோன்றித் தசை நார்கள் மாண்டொழிகின்றன. இவ்வெதிர்ப்பொருள் 2011 இல் அடையாளம் காணப்பெற்றது. இவர்களுக்கு மருந்தை நிறுத்தியபின்னும் தளர்ச்சி வளரும். நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சை இன்றி அது நிற்பதில்லை. மருந்தின் வலிதான், பொறுத்திருங்கள் என்று அனுப்பிவிடும் மருத்துவர் இவர்களை இழந்துவிடுகிறார். ஸ்டாட்டின் உண்போர் அனைவரும் அஞ்ச வேண்டுவதில்லை. நிறுத்திய பின்னும் வலிமை குறைந்துகொண்டே போகும் ஒருவரை மட்டும் மீண்டும் அழைத்துச் சோதித்தல் வேண்டும். அம்மருந்து அவருக்கு மறுமுறை அளிக்கத்தக்கதன்று. எஸ்.ஆர்.பி. எதிர்ப்பொருளும் இதே இனத்தது; கடுந்தளர்ச்சியை விரைவில் விளைப்பது.

சோதனையின் வரம்பு

இத்துணைப் பயனுள்ள சோதனையை எல்லாருக்கும் செய்துவிடலாகாதோ என்னும் கேள்வி இயல்பாக எழும். இதற்கு விடை கணக்கிலேயே உள்ளது. பொதுவான சோர்வு என்று கூறி வருவோர் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்க. அவர்களுள் உண்மையில் தசை அழற்சி உடையோர் பத்துப் பேர் என்க. சோதனை நோயற்றோருள் நூற்றுக்கு ஐவரைத் தவறாக நோயுடையவர் என்று காட்டுமாயின், நோயற்ற ஏறக்குறைய ஐம்பது பேரின் கையில் அச்சந்தரும் தாள் சென்று சேரும். உண்மை நோயாளர் அதிகமாயின் பத்துப் பேரே. நோய்க்குறியே இல்லாத ஒருவர், புற்றுநோயைச் சுட்டும் பெயர் தாளில் மெல்லிய கோடாகத் தெரிந்தமையால் படம்மேற் படம் எடுத்து மனமுடைவது இவ்வாறே நேர்கிறது.

சோதனை முறையும் கருதத்தக்கது. பல ஆய்வுக்கூடங்கள் இன்று கையாள்வது லைன் பிளாட் முறையாகும். ஒரு பட்டையில் பல புரதங்களை வரிவரியாகப் பதித்து, அதன்மேல் நோயாளரின் சீரத்தைப் படரவிட்டு, எவ்வரி நிறம் பெறுகிறது என்று நோக்குவர். இது விரைவானது, எளியது. ஆயினும் புரதத்தை வீழ்படிவாக்கிக் காணும் பழைய நுண்முறையுடன் ஒப்பிடும்போது, சில எதிர்ப்பொருள்களில் இது தவறுவது அறியப்பட்டதே. டி.ஐ.எஃப்.1-காமா அவற்றுள் ஒன்று. மெல்லிய நிறத்தை உறுதியான விடையாகக் கொள்ளுதல் பிழை. தசை அழற்சிக்கே உரிய எதிர்ப்பொருள்கள் ஒருவரிடத்துப் பெரும்பாலும் ஒன்றே இருக்கும்; இரண்டு, மூன்று வரிகள் ஒருங்கே நிறம் பெற்றால் சோதனையையே ஐயுறுதல் தகும். ஆர்.ஓ.52 மட்டும் இதற்கு விலக்கு. அது பிற எதிர்ப்பொருள்களுடன் சேர்ந்து வருவதே வழக்கம். அவ்வாறு வருமிடத்து நுரையீரலைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இல்லை என்னும் விடைக்கும் வரம்பு உண்டு. தசை அழற்சி உறுதியாக உடையோருள் கணிசமான பகுதியினரிடத்து அறியப்பட்ட எதிர்ப்பொருள் எதுவும் காணப்படுவதில்லை. அன்றியும், ஏ.என்.ஏ. எனப்படும் பொதுச் சோதனை உயிரணுவின் உட்கருவை நோக்குவது. சிந்தெடேஸ் என்சைம்களோ உட்கருவுக்கு வெளியே உள்ளவை. ஆகவே ஜோ-1 உடையவருக்கும் ஏ.என்.ஏ. இல்லை என்று விடை வரலாம். அத்தாளை நம்பித் தேடலை நிறுத்தினால் நோய் தன் போக்கில் வளரும். சர்வதேச அளவில் 2017 இல் வகுக்கப்பெற்ற வகைப்பாட்டு விதிகளில் ஜோ-1 ஒன்றே எதிர்ப்பொருள்களுள் இடம் பெற்றது என்பதும், தசைத் தளர்ச்சியும் தோல் குறிகளும் அவ்விதிகளில் இன்றும் மதிப்பெண் பெறுகின்றன என்பதும் கருதற்குரியன. நோயாளரைத் தொட்டுப் பார்க்கும் கைக்கு மாற்றாக எந்தப் பட்டையும் இன்னும் தோன்றவில்லை.

இந்நாட்டில் செய்யத்தக்கவை

இந்தியாவில் இவ்வாராய்ச்சி தொடங்காமல் இல்லை. லக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ விஞ்ஞான நிலையத்திலிருந்து வெளிவந்த ஆய்வுகள், இந்நாட்டு நோயாளரிடையே மி-2 எதிர்ப்பொருள் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுவதைப் பதிவு செய்துள்ளன. பிற நாடுகளில் கண்ட விகிதங்களை அப்படியே இங்கு ஏற்றிக் கூறலாகாது என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

ஆடம்பரம் என்னும் வாதத்துக்கு விடையளிக்கும் வழி, சோதனையைத் தவிர்ப்பதன்று. அதனை உரியவருக்கு உரிய காலத்தில் அளிப்பதே. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இச்சோதனை நடைபெற வேண்டுவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் கிரியேட்டின் கைனேஸை அளக்க இயலுதல் வேண்டும். காரணம் தெரியாது உயர்ந்த கல்லீரல் என்சைமைக் காணும் மருத்துவர், நோயாளரைத் தரையில் அமர்ந்து எழச் சொல்லிப் பார்க்கவும் வேண்டும். இதற்குச் செலவில்லை. ஐயத்துக்கு இடமான நோயாளரின் சீரத்தை மாநிலத்துக்கு ஒன்றிரண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு இருப்பின், சோதனைகள் ஓரிடத்திற் குவிந்து செலவும் குறையும், திறனும் வளரும்.

அவ்வாய்வுக்கூடங்கள் அளிக்கும் தாளில் உண்டு, இல்லை என்னும் இரு சொற்கள் போதா. கையாண்ட முறையும் நிறத்தின் வலிமையும் குறிக்கப்பெறல் வேண்டும்; மெல்லிய விடைகளை மற்றொரு முறையால் உறுதி செய்ய வேண்டும் என்னும் குறிப்பும் அதில் இருத்தல் நலம். தாள் வரும்வரை கடும் நோயாளரின் சிகிச்சையை நிறுத்தி வைத்தலும் தகாது. மூச்சுக் குறையும் ஒருவருக்கு இரண்டு வாரக் காத்திருப்பே கொடுங்காலமாகிவிடும். காசநோய் பரவலாக உள்ள இந்நாட்டில், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடங்குமுன் அந்நோய் உள்ளதா என ஆராய்வதும் இன்றியமையாதது. மருந்தால் எதிர்ப்பு அடங்கும்போது உறங்கிக் கிடந்த காசநோய் விழித்தெழும் என்பதை இந்நாட்டு மருத்துவர் நன்கறிவர்.

நோயாளருக்கும் இதிற் பங்கு உண்டு. சோதனைத் தாளில் உள்ள பெயரைத் தாமே தேடிப் படித்து அச்சமுறுதலும், இல்லை என்னும் சொல்லைக் கண்டு சிகிச்சையை விட்டுவிடுதலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கவை. அவர் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: இப்பெயரால் என் உடலில் இனி ஆராயப்பட வேண்டிய உறுப்பு யாது? அக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்குமாயின் சோதனை தன் கடமையைச் செய்துவிட்டது.

ஒரு நூற்றாண்டுக்குமேல் தோலையும் தசையையும் மட்டும் கொண்டு பெயர் பெற்று வந்த நோயை, இரத்தத்திலுள்ள நுண்பொருள்கள் பல நோய்களாகப் பிரித்துக் காட்டியுள்ளன. அப்பிரிவினையால் நுரையீரல் முன்னரே காக்கப்படுமாயின், மறைந்த புற்றுநோய் காலத்தில் வெளிப்படுமாயின், தவறான மருந்து உரிய நேரத்தில் நிறுத்தப்படுமாயின் அது விஞ்ஞானத்தின் உண்மையான வெற்றி. தரையிலிருந்து எழ இயலாது கையூன்றும் மனிதர் மீண்டும் தாமே எழுந்து நிற்பதைக் கொண்டே அவ்வெற்றி அளக்கப்படும்.